கோயில் அண்டாவில் காய்ச்சிய கஞ்சி

அண்டாவைக் கோயிலுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர நாலு ஆம்பிளைகள் வேண்டியிருந்தது. வாசல் நிலையில் அதன் விளிம்பு இடித்து ‘ணங்’ என்று ஒரு சத்தம் எழுந்தது. உள்ளே அடைந்து கிடந்த கற்பூர வாசனையும் எண்ணெய்ச் சிக்கும் அண்டாவோடு சேர்ந்து வெளியே வந்தன. அடியில், போன திருவிழாப் பொங்கலின் பருக்கை ஒன்று கறுத்துக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நான்தான் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

“பாத்துத் தூக்குங்கப்பா, ஆத்தா சாமான்,” என்று பூசாரி பின்னாலேயே வந்தார்.

“ஆத்தா புள்ளைங்களுக்குத்தானே சாமி போகுது. கோவிச்சுக்க மாட்டா,” என்றார் என் வீட்டுக்காரர்.

அன்று காலை தூறல். மலை முழுவதும் பனி மூடியிருந்தது. கொழுந்து பறிக்க ஒருத்தரும் போகாத மலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கை படாத தேயிலை நுனியெல்லாம் இளம்பச்சையாக நிமிர்ந்து நின்றது. பார்க்க அழகுதான். ஆனால் அது அத்தனையும் எங்களுக்கு வராத கூலி.

போன வாரம் என் கலியாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். “உங்களைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் பிறகு எங்கே போனார்? அவரைப் பற்றி அப்புறம் ஒன்றுமே எழுதவில்லையே?” அம்மா, அதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. அந்தக் கதை இந்த அண்டாவிலிருந்துதான் தொடங்குகிறது.

தலைவர் பெஞ்சாதி

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற பாதையில், மலைகளுக்குள் ஒதுங்கிய ஒரு தோட்டம் எங்களுடையது. பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் சனம் இருக்கிறது.

மூன்று லயங்கள். மேலே மேட்டு லயம். நடுவில் நாங்கள் இருந்த லயம். கீழே ஆற்றோரம் பணிய லயம். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டு விளக்குச் சுடர் ஆடும்.

என் வீட்டுக்காரர் கருப்பையா தோட்டத்துத் தலைவர். வெளியாட்களுக்குத் தலைவர் என்றால் பெரிய பதவி போலத் தெரியும். சங்கத்துக்காகத் தோட்டத்து சனம் தங்களுக்குள் ஒருத்தரைப் பொறுக்கி முன்னால் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். பேசப் போகிறவரும் அவர். அடி விழுந்தால் முதலில் வாங்குகிறவரும் அவர். மற்ற நேரமெல்லாம் அவரும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போகிற ஆள்தான்.

அப்போது கொழும்பில் சம்பள ஒப்பந்தப் பேச்சு நடந்து கொண்டிருந்தது. ஒரு பக்கம் சங்கங்கள், மறு பக்கம் தோட்டக் கம்பெனிக்காரர்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சங்கம் சொல்லிவிட்டது: ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்வரை ஒரு தோட்டத்திலும் ஆள் மலைக்கு ஏறக் கூடாது.

பதுளை சங்க ஆபீசிலிருந்து அந்தச் செய்தியோடு அவர் வந்து சேர்ந்தபோது நான் அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, இது தோத்துப் போனா?”

“தோக்காது.”

“தோத்தா?”

அவர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். பதில் எனக்குத் தெரியும். தோற்றால் தலைவருக்குத்தான் முதல் பத்துச்சீட்டு. அந்தச் சீட்டு கைக்கு வந்தால் வேலை போகும். வேலை போனால் காம்பராவும் போகும். நான் பிள்ளை பெற்ற இடம் அது. சுவரில் மாரியம்மன் படத்துக்கு நான் கையாலே குழி தோண்டி வைத்த விளக்கு மாடம் அதில் இருந்தது. வேறு ஓட்டு வீடோ குடிசையோ எங்களுக்கு உலகத்தில் எங்கேயும் இல்லை.

முதல் நாட்களின் சிரிப்பு

வேலை நிறுத்தத்தின் முதல் சில நாட்கள் திருவிழா மாதிரி இருந்தன என்று சொன்னால் நம்ப வேண்டும். விடிந்த பிறகும் படுத்திருக்கிற சுகம் எங்கள் பெண்களுக்கு அதுவரை தெரியாது. பகலில் தலைக்கு எண்ணெய் வைத்து ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்தோம். ஆம்பிளைகள் லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி கொத்தினார்கள்.

கணக்கப்பிள்ளை காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பார்ப்பார். ஆள் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. காக்காயைத் தவிர யாரும் வராமல் போகவே, லயம் லயமாக வந்து கதவைத் தட்டுவார்.

“என்ன, எல்லாரும் ராசா வீட்டுப் புள்ளைங்களா? கொழுந்து முத்திப் போச்சு. எவ எடுக்கப் போறா?”

பணிய லயத்து மாரியாயி வாசலில் உட்கார்ந்து கால் நீட்டியபடியே சொன்னாள். “கணக்கப்புள்ள ஐயா, இன்னைக்கு நீங்களே கூடைய மாட்டிக்கிட்டுப் போங்க. சாயந்தரம் எத்தன ராத்தல்னு நாங்க நிறுத்துச் சொல்றோம். ஈரக் கொழுந்துக்கு மட்டும் உங்களாட்டம் நாங்களும் எடையக் கழிச்சுப்புடுவோம்!”

லயமே சிரித்தது. கணக்கப்பிள்ளைக்கும் உதடு துடித்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை; சம்பளக்காரர்.

இந்த மாரியாயியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் மலையில் கொழுந்தெடுக்க அவள் கைக்கு ஈடான கை கிடையாது. புருஷன் காட்டு மரம் விழுந்து செத்துப் போனவன். கொடி பிடிக்க, கூட்டத்துக்கு ஆள் சேர்க்க, யார் வீட்டில் காய்ச்சல் என்று பார்க்க எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பாள். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலோடு நிற்பாள். நாங்கள் உள்ளே வா என்றதும் இல்லை. அவள் வந்ததும் இல்லை. அப்படித்தான் இருந்தது.

நானா கொடுத்த மூட்டை

ஒப்பந்தப் பேச்சு முடிகிற மாதிரித் தெரியவில்லை. தோட்டத்தில் கொடுக்கிற அரிசியைத் தோட்ட ஆபீஸ் நிறுத்திவிட்டது. தாய்மார் மலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்கு ஊற்றும் பாலும் நின்றது. மரவள்ளிக் கிழங்கு தீர்ந்தது. கீரை தீர்ந்தது. சிரிப்பும் எப்போது தீர்ந்தது என்று தெரியாமல் தீர்ந்துவிட்டது. சாயங்காலமானால் லயத்துக்கு லயம் பிள்ளைகள் அழுகிற சத்தம் ஒரே மாதிரி கேட்கும்.

அவர் பதுளைக்கு நடந்தே போனார். கடைத்தெருவில் மொஹிதீன் நானாவின் பலசரக்குக் கடை. நாங்கள் கதிர்காமத்துக்கு நடைப்பயணம் போகிற வருஷங்களில் நானா கடை வாசலில் நின்று கும்பலுக்கெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுப்பார். “முருகனுக்குப் போற சனம், தாகத்தோட போக ஏலாது,” என்பார். அஞ்சு வேளையும் தொழுகிற மனுஷர். எந்தச் சாமிக்குப் போகிறவனானாலும் தாகம் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்.

என் வீட்டுக்காரர் கேட்க வாயெடுக்கும் முன்பே நானா கடைப் பையன்களைக் கூப்பிட்டாராம்.

“அரிசி மூட்டையையும் பருப்பையும் லொறில ஏத்துங்கடா. தலைவர், இது கடன் இல்ல. கணக்கு வெச்சிட்டு என்னத் தேடி வர வாணாம். புள்ளையளுட வவுத்துக்கு.”

“நானா, எப்ப முடியும்னு தெரியல.”

“முடியுற வரைக்கும் அல்லா ஈக்கிறான். பசில ஆள் ஒடஞ்சி போனா அவனுக ஜெயிச்சிருவானுக. அதப் பாத்துக்கங்க.”

பண்டாரவளை மரக்கறி லொறிக்காரர்களும் பூசணியும் கோவா என்கிற முட்டைக்கோசும் பாதையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அத்தனையையும் பார்த்தபோது கை எடுத்துக் கும்பிட்டேன். யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. லொறியையும் கும்பிட்டிருப்பேன்.

வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஒன்றாகக் காய்ச்சினால் நாள் தள்ளலாம். அத்தனை பேருக்கும் காய்ச்சுகிற பாத்திரம் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அண்டா வந்த கதை

அந்த அண்டா எங்கள் அப்பா காலத்தில் வந்தது. கோயிலுக்குப் பெரிய செம்பு அண்டா வேண்டும் என்று தோட்டமே கூடி, ஒவ்வொரு ஆளும் ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட்டுக் கொடுத்தார்களாம். ஊருக்குப் போன ஒருத்தர் கும்பகோணத்தில் வாங்கி, கப்பலில் ஏற்றி, தலைமன்னாரில் இறக்கி, பதுளைக்கு ரயில் கோச்சியில் கொண்டு வந்தார். கழுத்தில் ‘தோட்டப் பொதுமக்கள் உபயம்’ என்று வெட்டியிருக்கும். பதுளை டேசனிலிருந்து மலை ஏற்றி அதைச் சுமந்து வந்தது பணிய லயத்து ஆட்கள். கோயிலுக்குள் போன பிறகு அவர்கள் அதைத் தொட்டதில்லை.

நாங்கள் அதையெல்லாம் நினைத்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு எண்ணம் இருந்தது. “ஆத்தா அண்டால சாப்புட்டவன் எவனும் பெரட்டுக்குப் போக மாட்டான்,” என்றார். சத்தியம் வாங்குவதைவிட அது பெரிய கட்டு என்று நம்பினார். நானும் நம்பினேன். சாமி பாத்திரத்தில் சாப்பிட்டவன் வாக்கு மாற மாட்டான் என்று எங்களைப் போன்றவர்கள்தான் நம்புவார்கள்.

சமையலும் முறை வைத்து நடக்க வேண்டும் என்று முடிவானது. ஒரு நாள் மேட்டு லயம், ஒரு நாள் நடு லயம், ஒரு நாள் பணிய லயம். லயத்துக்கு லயம் ஆள் வைத்த நிறுத்தக் கமிட்டியில் எல்லாரும் தலையாட்டினார்கள். மேட்டு லயத்துக்காக உட்கார்ந்திருந்த என் அண்ணன் முத்துசாமிக் கங்காணியும் தலையாட்டினார். பணிய லயத்து முறை வருவதற்குள் கையெழுத்து விழுந்துவிடும் என்று நினைத்துத்தான் ஆட்டினார் என்று பிறகு தெரிந்தது.

மேட்டு லயத்து முறையில் எல்லாரும் சாப்பிட்டார்கள். எங்கள் முறையிலும் சாப்பிட்டார்கள். பணிய லயத்து சனம் தள்ளி உட்கார்ந்து பாத்திரத்தை நீட்டியது. நாங்கள் கை உயர்த்தி ஊற்றினோம்.

கையெழுத்து விழவில்லை. மூன்றாவது முறை வந்தது.

பணிய லயத்து முறை

அன்று விடியும்போதே மாரியாயி ஆற்றில் முழுகிவிட்டு, ஈரத்தலையில் துணி சுற்றி, நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றாள். அவளோடு இன்னும் நாலு பெண்கள். விறகு நனைந்திருந்தது. புகை கோயிலைச் சுற்றிக்கொண்டு வெளியே போக வழியில்லாமல் நின்றது. கண் எரிய எரிய ஊதி, அடுப்பைப் பற்ற வைத்தார்கள்.

பூசாரி ஓடி வந்தார். “மாரியாயி, அண்டால கைய வைக்காத. தள்ளு. ஆத்தாவுக்குத் தீட்டு.”

அவள் கரண்டியை விடவில்லை. “இத மலையேத்துனது எங்கப்பன் தோளு. அப்ப இல்லாத தீட்டு இப்ப எங்கேயிருந்து சாமி வந்துச்சு?”

“வாய் பேசாத.”

“வாய் பேசலன்னா கஞ்சி தீஞ்சிரும் சாமி. தள்ளி நில்லுங்க, பொறி பறக்குது.”

கஞ்சி கொதித்தது. பருப்பும் பூசணியும் வெந்த வாசனை காற்றோடு மேட்டு லயம் வரைக்கும் போயிருக்கும். மேட்டு லயத்திலிருந்து ஒரு ஆள் இறங்கி வரவில்லை. கதவுகள் சாத்தியிருந்தன. எங்கள் நடு லயத்து சனம் கோயில் திட்டில் கூட்டமாக நின்றது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. என் வீட்டுக்காரர் முகம் செத்த முகம் மாதிரி இருந்தது. தலைவர் சாப்பிட்டால் அது கட்டளை. தலைவர் பெஞ்சாதி சாப்பிட்டால் அது சாப்பாடு. அப்படி எனக்குத் தோன்றியது.

நான் போய் ஈரத் தரையில் உட்கார்ந்தேன். தட்டை நீட்டினேன்.

“ஊத்து மாரியாயி.”

அவள் அவசரமாக ஊற்றியதில் கொஞ்சம் என் முழங்காலில் சிந்திச் சுட்டது. நான் ஒரு வாய் குடித்தேன். எல்லாரும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தலைவரம்மா, உப்பு சரியா இருக்கா?”

“கூடிருச்சுடி.”

“பயத்துல ரெண்டு தரம் போட்டுட்டேன் போல.”

யாரோ சிரித்தார்கள். அதோடு எங்கள் லயம் உட்கார்ந்தது. எல்லாரும் இல்லை, பாதிக்கு மேல்.

அப்போதுதான் புவனா வந்தாள். என் அண்ணன் மகள். பால் பல் விழுந்த வயசு. இனாமல் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேட்டு லயத்துப் படிக்கட்டில் தனியாக இறங்கி வந்தாள். பசிக்கிற பிள்ளைக்கு எந்த லயத்துக் கஞ்சி என்று எப்படித் தெரியும்? “அத்தை,” என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாரியாயி கரண்டியை எடுத்தாள். எடுத்தவள் ஊற்றாமல் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் அண்ணி ஓடி வந்தார். பிள்ளையின் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. தட்டு உருண்டு அடுப்புக் கல்லில் போய் மோதியது. பிள்ளை அழவில்லை. திரும்பித் திரும்பி அண்டாவைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அண்ணன் சொன்னது

அன்று சாயந்தரம் நான் மேட்டு லயத்துக்குப் போனேன். அண்ணன் வாசலில் குந்தியிருந்தார். மூணு வேளையாக அவரும் பட்டினி; கண் உள்ளே போயிருந்தது.

“அண்ணே, கமிட்டில ஒத்துக்கிட்டுத்தானே வந்தீங்க?”

“ராசம்மா, சங்கம் வேற, சோறு வேற. மாரியாயி எம் பக்கத்துல நின்னு கொடி புடிக்கட்டும். அவளுக்கும் சம்பளம் கூடட்டும். நான் வேணாங்கல. அவ ஆக்குனத எங்க சனம் எப்புடித் திங்கும்?”

“புள்ளைங்க பசிக்குதுன்னு அழுகுதே.”

“பசி நாளைக்குப் போயிரும். நாங்க ஊருக்குப் பேர் குடுத்த சனம்.” இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் பேசி, ஒரு பங்கு சனத்தை இந்தியாவுக்கு அனுப்புகிற காலம் அது. அண்ணன் குடும்பம் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. “அங்க போயி எறங்குனதுமே கேப்பானுங்க, கண்டிச் சீமைல யார் கையில தின்னீங்கன்னு. நம்ம கூட வர்றவனே சொல்லிப்புடுவான். அப்புறம் புவனாவ எவன் கட்டுவான்? எவன் வீட்டு வாசல்ல என்னைய ஒக்கார வைப்பான்? அங்க நமக்கு யாரும்மா இருக்கா, சாதி சனத்த விட்டா?”

“ஆத்தா அண்டாண்ணே அது.”

“அதனாலதான் சொல்றேன். நீங்க தகரத்துல காய்ச்சியிருந்தா நான் பேசாம இருந்திருப்பேன்.”

நான் எழும்பும்போது அவர் தரையைப் பார்த்தபடி, “நீ தின்னியாமே?” என்றார். ஆமாம் என்றேன். “இனிமே இங்க வராத, ராசம்மா,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தோளில் தூக்கி வளர்த்தவர். குரல் உடைந்துதான் சொன்னார். அதனால்தான் இன்றைக்கும் அந்தக் குரல் காதில் நிற்கிறது.

பெரட்டுக்குப் போனவர்கள்

மேட்டு லயம் கஞ்சியைத் தொடாத விஷயம் தோட்ட ஆபீசுக்குப் போய்விட்டது. கணக்கப்பிள்ளை மேட்டு லயத்துக்கு மட்டும் செய்தி கொண்டு வந்தார்: பெரட்டுக்கு வருகிற ஆளுக்கு அன்றே ஸ்டோரிலிருந்து அரிசி.

மறுநாள் விடிந்ததும் எங்கள் லயத்து வாசல் வழியாக அவர்கள் இறங்கினார்கள். முதுகில் கூடை, இடுப்பில் ஈரம் படாமல் கட்டுகிற படங்குச் சாக்கு. ஒருத்தரும் நிமிரவில்லை. முன்னால் என் அண்ணன். என் வீட்டுக்காரர் பாதை நடுவில் போய் நின்றார். தள்ளவில்லை, கத்தவில்லை.

“அண்ணே, கொழும்புல முடியப் போவுதாம். இன்னும் கொஞ்சம் பொறுங்க.”

“கும்பி காயுது கருப்பையா.”

“கஞ்சி இருக்கேண்ணே.”

“அந்தக் கஞ்சியா?”

என் வீட்டுக்காரர் விலகிக் கொடுத்தார். அவர்கள் போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் லயத்திலிருந்தும் இரண்டு இரண்டு பேராக நழுவினார்கள். பணிய லயம் மட்டும் அசையவில்லை. அவர்களுக்குப் பசி குறைவு என்று யாராவது நினைத்தால் அது பெரிய பொய். அண்டாவைக் கோயிலுக்குள் திரும்பச் சேர்க்கப் பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. சவுக்கு மரத்தடியில் வைத்து அவர்கள் அதிலேயே காய்ச்சினார்கள். நாங்கள் இரண்டு பேரும், விட்டுப் போகாத சில குடும்பங்களும், கடைசி வரைக்கும் அவர்களோடு குடித்தோம். அரிசி குறையக் குறையத் தண்ணீர் கூடியது. கடைசியில் கஞ்சியில் என் முகம் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் பதுளையிலிருந்து வந்த பஸ்காரன் சொன்னான், கையெழுத்து விழுந்துவிட்டது என்று. சம்பளம் கூடிற்று. அடுத்த மலைத் தோட்டத்தில் வெடி கொளுத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. எங்கள் தோட்டத்தில் யாரும் கொளுத்தவில்லை.

தோட்டத்தை நடத்துகிற துரை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் ஆபீசிலிருந்து திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்தார். கையில் பத்துச்சீட்டு.

“என்னதான் சொன்னாரு?”

“மத்த தோட்டத்துல கையெழுத்து விழுற வரைக்கும் நிறுத்தம் நடந்துச்சாம். இங்க ஆளுங்க பெரட்டுக்கு வந்த அன்னைக்கே முடிஞ்சு போச்சாம். அப்புறம் வராதவன் தன் இஷ்டத்துக்கு வராதவனாம்.”

“பணிய லயமும்தானே வரல?”

“அவுங்கள நிப்பாட்டுனா மலைல கொழுந்தெடுக்கக் கை ஏது?” என்றார். அந்த நேரத்திலும் லேசாகச் சிரித்தார். “அவுங்களுக்கு ஒண்ணும் ஆகல. அது போதும் ராசம்மா.”

ஒப்பந்தத்தில் கூடிய சம்பளம் மேட்டு லயத்துக்கும் கிடைத்தது. அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை; புவனா சாப்பிடட்டும். என் வீட்டுக்காரருக்குத்தான் அந்தச் சம்பளத்துக்கு ஒரு நாள்கூட வேலை செய்யக் கிடைக்கவில்லை.

சங்கம் வழக்குப் போட்டது. குறை சொல்ல மாட்டேன், கடைசி மட்டும் நடத்தினார்கள். தீர்ப்பு வந்தபோது அந்தத் துரையும் இல்லை, அந்தக் கம்பெனியும் இல்லை. தோட்டத்தை அரசாங்கம் எடுத்திருந்தது. எங்கள் காம்பராவில் வேறு குடும்பம் பிள்ளை குட்டியோடு இருந்தது.

அண்ணன் குடும்பம் பதுளையில் கோச்சி ஏறி ஊருக்குப் போனதும் எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. புவனாவைக் கட்டிக் கொடுத்தார்களா, அண்ணனை அங்கே யாராவது வாசலில் உட்கார வைத்தார்களா, ஒன்றும் தெரியாது. வாசகி அம்மா, என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

அண்டாவை எடுத்ததுதான் பிழை, லயத்துக்கு ஒரு தகரத்தில் காய்ச்சியிருந்தால் நிறுத்தம் உடைந்திருக்காது என்று பின்னாளில் சங்கத்து ஆட்களே என் வீட்டுக்காரரிடம் சொன்னதுண்டு. உண்மையாகவும் இருக்கலாம். அவர் ஒரு தரமும் எதிர்த்துப் பேசவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

காலி செய்த நாள்

மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டம் வைத்திருந்த தன் சொந்தக்காரருக்கு மொஹிதீன் நானா சொல்லி வைத்திருந்தார். அங்கே குடிசை போட இடம் தருவார்கள் என்றார். மாடத்திலிருந்து ஆத்தா படத்தை எடுத்துச் சேலையில் சுற்றிக்கொண்டேன். சட்டி பானை இரண்டு மூட்டை, பாய் ஒன்று, மகள் இடுப்பில். அவ்வளவுதான் வீடு.

பணிய லயத்து சனம் அன்று காலைப் பெரட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலில் வந்து நின்றது.

“அரை நாள் பேர வெட்டிருவானுங்க, போங்க எல்லாரும்,” என்று என் வீட்டுக்காரர் விரட்டினார்.

“தலைவரு சொல்லி நாங்க கேக்காத மொதச் சொல்லு இதான்,” என்று மாரியாயி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். “சும்மா நடங்க. பஸ் போயிரும்.”

பாதை கோயிலைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. உள்ளே பூசை நடந்தது. மணிச் சத்தம் கேட்டது. பிறந்ததிலிருந்து கும்பிட்ட ஆத்தாவிடம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தேன்.

பூசாரி தட்டோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். திட்டவில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

“ராசம்மா, அங்கேயே நின்னு கும்புட்டுக்க. உனக்கு இன்னும் தீட்டுச் சுத்தி செய்யல.”

அவர் காட்டிய இடம் சவுக்கு மரத்துக்கு அந்தப் பக்கம். திருவிழாவில் பணிய லயம் நிற்கிற இடம். நான் இறங்கிப் போய் அங்கே நின்றேன். மாரியாயியும் மூட்டையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் நின்றாள்.

எட்டிப் பார்த்தேன். குனிந்து பார்த்தேன். மரம் மறைத்தது, மரத்தைத் தாண்டினால் வாசல் நிலை மறைத்தது. தீபம் காட்டுகிற வெளிச்சம் உள்சுவரில் ஆடியது. அவ்வளவுதான் தெரிந்தது.

“மாரியாயி, இங்க இருந்து ஆத்தா மொகம் தெரியலையேடி.”

அவள் கும்பிட்ட கையை இறக்காமல் சொன்னாள். “தெரியாது தலைவரம்மா. இந்த ஆத்தா கறுப்பா செவப்பான்னு நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல.”

நானும் கை கூப்பினேன். என்ன வேண்டினேன் என்று ஞாபகம் இல்லை. கண்ணீர்தான் வந்தது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு மூட்டையைத் தூக்கினாள்.

பாதையில் என் வீட்டுக்காரர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“சாமி பாத்தியா?” என்றார்.

“கும்புட்டேன்,” என்றேன்.